"இது எதுலேர்ந்து எடுத்தது, டாக்டரம்மா?": மேல்தாடை எலும்பு நிரப்பலில் ஒரு நிகழ்வு ஆய்வு

கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிப் புட்டி. உள்ளே வெள்ளை ரவை போல அரை கிராம் எலும்புத் துகள். மேல்தாடையில் எலும்பு போதாத இடத்தில் இதைத்தான் நிரப்பப் போகிறோம் என்று காட்டுவதற்காக மேசையில் எடுத்து வைத்தேன். டீச்சர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்.

"இது எதுலேர்ந்து எடுத்தது, டாக்டரம்மா?"

"மாட்டு எலும்பு, டீச்சர். சுத்தம் பண்ணி, சத்தெல்லாம் எடுத்துட்டு, கனிமம் மட்டும் இருக்கும்."

புட்டியைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார். வெள்ளைப் புடவை முந்தானையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். கோபமில்லை, முகச்சுளிப்பும் இல்லை. "எனக்கு இது வேணாம்மா. வேற வழி இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா கழட்டி மாட்டுற பல்லோடயே இருந்துக்கறேன்" என்றார்.

அவருக்கு வயது 58, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஊர் வடலூர்ப் பக்கம். வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரியும் ஊர் அது. மூன்று தலைமுறையாகப் புலால் உண்ணாத சன்மார்க்கக் குடும்பம். கடலூரில் மருத்துவம் பார்க்கும் எனக்கு அந்த வெள்ளைப் புடவையைப் பார்த்ததுமே தெரிந்திருக்க வேண்டும். அவர் கேட்ட பிறகுதான் யோசித்தேன். அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி இந்த நிகழ்வை எழுதுகிறேன்.

வாயின் நிலை

மேல் வலது பக்கத்தில் முதல், இரண்டாம் கடைவாய்ப்பற்கள் இரண்டையும் 2015-ல் சொத்தை காரணமாகப் பிடுங்கியிருக்கிறார்கள். ஞானப்பல் முளைக்கவே இல்லை. பின்னால் தாங்குவதற்குப் பல் இல்லாததால் நிலையான பிரிட்ஜ் கட்ட வழியில்லை. ஒன்பது வருடமாகக் கழற்றி மாட்டும் பல்செட். சாப்பிடும்போது அது ஆடும், அடியில் பருக்கை போய் உட்காரும், மேலண்ணம் புண்ணாகும். சர்க்கரை உண்டு, ஆனால் கட்டுக்குள் இருந்தது. மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.9 சதவீதம். புகையிலைப் பழக்கம் இல்லை. சைனஸ் தொல்லை என்று எதுவும் இருந்ததில்லை.

சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனில் முதல் கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் எலும்பின் உயரம் 3.6 மி.மீ., இரண்டாவதன் இடத்தில் 4.1 மி.மீ. அகலம் 8 மி.மீ. தாராளமாக இருந்தது. உயரம்தான் இல்லை.

மேல்தாடையின் பின்பக்கத்தில் பல்வேருக்கு மேலே, தாடை எலும்புக்குள்ளேயே காற்றறை ஒன்று இருக்கிறது. அதைத்தான் சைனஸ் என்கிறோம். பல் இருக்கும்வரை அந்த அறையின் தரை தன் இடத்தில் நிற்கும். பல் போனபின் அறை கீழ்நோக்கிப் பெருகும். ஈறுப் பக்கத்திலிருந்தும் எலும்பு கரையும். மேலும் கீழும் தேய்ந்து நடுவில் மிஞ்சுவது ஒரு தகடு. அந்தத் தகட்டில் இம்ப்ளாண்ட் எனப்படும், செயற்கைப் பல்லைத் தாங்கும் 10 மி.மீ. டைட்டானியம் திருகை நட்டால், திருகின் பாதிக்கு மேல் வெறுங்காற்றில் நிற்கும். குட்டை இம்ப்ளாண்டுக்குக்கூட 3.6 போதாது. எனவே அறையின் தரையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வை மேலே தூக்கி, அடியில் எலும்பு வளர இடம் பண்ண வேண்டும். இதுதான் சைனஸ் லிஃப்ட். 1970-களில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹில்ட் டேட்டம் தொடங்கிவைத்த வழி இது. 1980-ல் பாய்ன், ஜேம்ஸ் இருவரும் இடுப்பெலும்பை எடுத்து நிரப்பி முதலில் எழுதி வெளியிட்டார்கள். 1994-ல் சம்மர்ஸ் சொன்ன, இம்ப்ளாண்டுக்குப் போடும் துளை வழியாகவே தட்டி ஏற்றும் எளிய முறை, 5 மி.மீ.க்கு மேல் எலும்பு மிஞ்சியிருப்பவர்களுக்குத்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது. இவருக்குப் பக்கச் சுவரில் ஜன்னல் வெட்டும் முறைதான். அதுவும் இரண்டு கட்டமாக, முதலில் எலும்பு, பல மாதம் கழித்து இம்ப்ளாண்ட்.

ஸ்கேனில் மேலும் இரண்டு சங்கதிகள் தெரிந்தன. ஜன்னல் போடும் சுவரில் ஒரு ரத்தக்குழாய், ஈறு விளிம்பிலிருந்து 17 மி.மீ. மேலே ஓடியது. அது நம் வழியில் வராது. ஆனால் இரண்டாம் கடைவாய்ப்பல் பகுதியில் சைனஸ் தரையிலிருந்து எலும்பு முகடு ஒன்று வரப்பு போல எழுந்து நின்றது. 1910-ல் அண்டர்வுட் விவரித்த தடுப்பு இதுதான். சவ்வு அந்த முகட்டின் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். கிழிந்தால் பெரும்பாலும் அங்கேதான் கிழியும்.

எதை நிரப்புவது

இந்த இடத்தில் ஒரு பழைய தவறைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தபோது, மளிகைக் கடை வைத்திருந்த ஒருவருக்கு மாட்டு எலும்புத் துகள் நிரப்பி இம்ப்ளாண்ட் வைத்தேன். சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. 'எலும்புப் பவுடர்' என்று மட்டும் வாயால் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடம் கழித்து, கோப்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 'போவைன்' என்ற சொல்லை அவருடைய மகன் படித்துச் சொல்லியிருக்கிறான். அவர் நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. "ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கலாமே" என்றார். அதன்பிறகு அவர் என்னிடம் வரவில்லை. அந்தப் பல் நன்றாகத்தான் இருந்தது. நான் நடந்துகொண்ட விதம் சரியில்லை.

பிஸ்கட் பாக்கெட்டில்கூடப் பச்சைப் புள்ளி போட்டு விற்கும் நாட்டில், உடம்புக்குள் வைத்துத் தைக்கும் பொருளுக்கு அப்படி ஒரு புள்ளி கிடையாது. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போவைன், போர்சைன் என்று இருக்கும். முதலாவது மாடு, இரண்டாவது பன்றி. அதைப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டியது மருத்துவரின் வேலை. 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு மருத்துவ வழக்கில் சொன்னதும் இதைத்தான்: சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்து எல்லாவற்றையும் போதிய அளவு தெரிந்துகொண்டு தருவதே சம்மதம்.

டீச்சரும் மகளும் அடுத்த வாரம் வந்தபோது எல்லாப் பொருளையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

சொந்த எலும்புக்கு ஈடு எதுவும் இல்லை. உயிருள்ள செல்கள் அதில் இருக்கின்றன. முதல் சில மாதங்களில் அதைப் போல வேகமாகப் புது எலும்பை உண்டாக்குவது வேறில்லை. ஆனால் வேண்டிய அளவு கிடைக்க வேண்டுமானால் மோவாயிலோ கீழ்த்தாடையின் பின்பக்கத்திலோ இன்னொரு இடத்தைத் திறக்க வேண்டும். தனியாக அதை மட்டும் நிரப்பினால் சீக்கிரம் கரைந்தும்போகும். சைனஸுக்குள் ஒவ்வொரு மூச்சும் தரையை அழுத்திக்கொண்டே இருக்கிறது.

அடுத்தது, இறந்தவர்கள் தானமாகத் தந்த மனித எலும்பு. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இயங்குகிறது. உறையவைத்து உலர்த்தி, காமா கதிரில் கிருமி நீக்கி அனுப்புகிறார்கள். இதைக் கேட்டு டீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மனசாரக் குடுத்துட்டுப் போனவங்க... அதுல பாவம் இல்ல. ஆனா என் மனசு இன்னும் அங்க போகல" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

மாட்டு எலும்பைப் பற்றியும் நியாயமாகச் சொன்னேன். சைனஸ் லிஃப்டில் உலகத்தில் அதிகம் ஆராயப்பட்ட பொருள்களில் ஒன்று அது. கரிமப் பகுதி முழுவதையும் வெப்பத்தாலும் காரத்தாலும் நீக்கிவிடுகிறார்கள். மிக மெதுவாகக் கரைவதால், நிரப்பிய உயரம் அப்படியே நிற்கும். நான் அதை விரும்பிப் பயன்படுத்துவதற்கு இந்தக் குணம்தான் காரணம்.

கடைசியாகச் செயற்கைப் பொருள்கள். ஹைட்ராக்சிஅபடைட், பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட், உயிரிக் கண்ணாடி. இவற்றில் உயிரிக் கண்ணாடி 1969-ல் ஃபுளோரிடாவில் லாரி ஹெஞ்ச் கண்டுபிடித்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் ஹைட்ராக்சிஅபடைட்டையும் உயிரிக் கண்ணாடியையும் கலந்து ஒரு பொருளை உருவாக்கியிருக்கிறது. இவை எதிலும் எந்த உயிரின் பங்கும் இல்லை. உலையில் சுட்டெடுத்த கால்சியம் பாஸ்பேட் பீங்கான் என்று சொன்னால் டீச்சருக்குப் புரிந்தது. "மண்பாண்டம் மாதிரியா?" என்றார். ஏறக்குறைய அப்படித்தான்.

நான் தேர்ந்தது 60 பங்கு ஹைட்ராக்சிஅபடைட்டும் 40 பங்கு ட்ரைகால்சியம் பாஸ்பேட்டும் கலந்த துகள், அளவு 0.5 முதல் 1 மி.மீ. வரை. ட்ரைகால்சியம் சில மாதங்களில் கரைந்து எலும்புக்கு இடம் விடும். ஹைட்ராக்சிஅபடைட் வருடக்கணக்கில் நின்று தாங்கும். அதோடு, ஜன்னல் வெட்டும் சுவரிலிருந்தே சுரண்டியெடுக்கும் சொந்த எலும்பு கொஞ்சம் சேரும். வேறு இடத்தைத் திறக்க வேண்டியதில்லை. எந்தத் துகளை நிரப்பினாலும் இம்ப்ளாண்ட் நிலைப்பதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றே இந்தத் துறையின் தொகுப்பாய்வுகள் பொதுவாகச் சொல்லிவருகின்றன. ஆகவே அவருடைய கொள்கைக்காகச் சிகிச்சையின் தரத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. காத்திருக்கும் காலத்தை மட்டும் ஆறு மாதத்திலிருந்து எட்டரை மாதமாக்கினேன்.

எலும்போடு முடிந்தது என்று நினைத்தேன். டீச்சர் விடவில்லை. "தையல் போடுவீங்கல்ல, அந்த நூலு?"

எங்கள் ஊர்ப் பல் மருத்துவமனைகளில் அதிகம் புழங்குவது கறுப்புப் பட்டு நூல். புழுவோடு கூட்டைக் கொதிநீரில் போட்டு எடுப்பதுதான் பட்டு. அவர் பட்டுப்புடவை கட்டியதே இல்லை, தன் கல்யாணத்துக்கும்கூட. அதனால் நைலான் நூலுக்கு மாறினேன். அன்று மாலை என்னுடைய ட்ரேயை ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்தேன். ஜன்னலை மூடும் கொலாஜன் சவ்வு பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருவது. ரத்தத்தை நிறுத்தும் பஞ்சு ஜெலட்டின். வழக்கமாக எழுதித்தரும் அமாக்ஸிசிலின் கேப்ஸ்யூலின் கூடும் ஜெலட்டின்தான். கேப்ஸ்யூலை மாத்திரையாக மாற்றினேன். பஞ்சை எடுத்துவிட்டேன். கொலாஜன் சவ்வுக்குப் பதில் அவருடைய ரத்தத்திலிருந்தே எடுக்கும் பிஆர்எஃப், அதாவது தட்டணுக்கள் செறிந்த ஃபைப்ரின் என்ற உறைபுரதக் கட்டி.

பிஆர்எஃப் பற்றி ஒன்று. 2001-ல் பிரான்ஸில் ஷுக்ரூன் சொன்ன முறை இது. புண் சீக்கிரம் ஆற அது உதவுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அதைச் சேர்த்தால் எலும்பு இரண்டு மடங்கு வளரும் என்று விளம்பரம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கே அது எனக்குச் சவ்வாகத்தான் வேண்டியிருந்தது.

படிவத்தைத் தமிழில் கைப்பட எழுதினேன். அதில் ஒரு வரியை டீச்சரே சேர்க்கச் சொன்னார்: சைனஸ் சவ்வு பெரிதாகக் கிழிந்து, பிஆர்எஃப் கொண்டு மூட முடியாமல் போனால், எதையும் நிரப்பாமல் தைத்துவிட வேண்டும். கொலாஜன் வைக்கக் கூடாது.

அறுவை

2024 நவம்பர் மூன்றாம் வாரம். காலை ஏழரை மணி ரயிலுக்கே கிளம்பி வந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் முன்னதாக மாத்திரை. கையிலிருந்து நான்கு குழாய் ரத்தம், குழாய்க்குப் பத்து மில்லி. உறையாமல் தடுக்கும் மருந்து குழாயில் இல்லை என்பதால், எடுத்த கையோடு சென்ட்ரிஃபியூஜில் வைத்துவிட வேண்டும். 2700 சுற்று, 12 நிமிடம். வெளியே எடுத்தபோது அடியில் சிவப்பு, மேலே தெளிந்த நீர், நடுவில் இளமஞ்சளாக ஃபைப்ரின் கட்டி. இடுக்கியில் பிடித்தால் பிஞ்சு நுங்கு போல வழவழப்பாகத் தொங்கும். அழுத்தித் தட்டினால் ஈரத் துணி போல ஒரு தகடு ஆகிவிடும்.

மரப்பு ஊசி, ஈறைக் கீறி விலக்குதல் எல்லாம் வழக்கம்போல. பக்கச் சுவரின் மேல்பரப்பை ஸ்கிரேப்பரால் சுரண்டி அரை மில்லி அளவுக்குச் சொந்த எலும்பு சேர்த்துக்கொண்டேன். சைனஸ் தரைக்கு மூன்று மி.மீ. மேலே, நுண்ணதிர்வால் எலும்பை வெட்டும் பீஸோ கருவியால் ஜன்னல். சுழலும் ட்ரில் முனையை (பர்) விட பீஸோ மெதுவானது. ஆனால் எலும்பை மட்டும்தான் வெட்டும், சவ்வைத் தொட்டாலும் அவ்வளவு எளிதில் கிழிக்காது. சுவர் மெலிய மெலிய நீலநிறம் தெரிந்தது. டீச்சர் மூச்சு விடும்போதெல்லாம் அந்த நீலம் மெல்ல எழுந்து அடங்கியது. சவ்வு முழுசாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

தரையிலிருந்து தொடங்கி, முன்பக்கம், உள்சுவர் என்று விலக்கிக்கொண்டே போனேன். கருவியின் முனை எலும்பைவிட்டு விலகவே கூடாது. முகட்டின் பின்சரிவில் கருவி ஒரு நொடி இடறியது. நீலத்தின் நடுவே சிறு கறுப்பு. மூச்சு விட்டபோது சவ்வு அசையவில்லை. நான்கு மி.மீ. கிழிசல்.

என் கை இடப்பக்கத்து அலமாரியை நோக்கிப் போனது. பல வருடப் பழக்கம் அது: கிழிந்தால் கொலாஜன். உதவியாளர் அலமாரியைத் திறக்கவில்லை. முந்தின நாளே எல்லாவற்றையும் அந்த அறையிலிருந்து எடுத்துவைக்கச் சொல்லியிருந்தேன். இல்லாத பொருளை எடுக்க முடியாது.

கிழிசலை விட்டுவிட்டு, அதைச் சுற்றிலும் நல்ல சவ்வை இன்னும் அகலமாக விலக்கினேன். இழுவிசை குறைந்தால் கிழிந்த ஓரங்கள் தாமாக மடிந்து ஒன்றன்மேல் ஒன்று படியும். படிந்தன. மேலே இரண்டு அடுக்கு பிஆர்எஃப் தகடு. இரண்டு நிமிடம் ஒன்றும் செய்யாமல் நின்றேன்.

"டீச்சர், மூக்கால மெதுவா மூச்சு விடுங்க."

மஞ்சள் தகடு எழுந்து அடங்கியது.

ஐந்து மி.மீ.க்குக் கீழே இருந்ததால் இது முடிந்தது. எட்டோ பத்தோ ஆகியிருந்தால், படிவத்தில் எழுதியபடி மூடித் தைத்து அனுப்பியிருப்பேன். சிறு துகள் சைனஸுக்குள் சிதறினால் சளிப்பாதை அடைபட்டு, சீழ் கட்டி, நல்ல மனிதரை நோயாளியாக்கிவிடும்.

இரண்டு மில்லி பீங்கான் துகளையும் சுரண்டிய எலும்பையும் நறுக்கிய பிஆர்எஃபோடு பிசைந்தேன். கிழிசலுக்கு எதிர்ப்பக்கமான உள்சுவரில் முதலில் வைத்து, கெட்டித்து அழுத்தாமல் நிரப்பிக்கொண்டு வந்தேன். இறுக்கித் திணித்தால் ரத்தக்குழாய் நுழைய இடமிருக்காது. ஜன்னலின் மேல் மீதி இரண்டு தகடு, அதன்மேல் ஈறு, நைலான் தையல்.

ஆறிய விதம்

தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மூக்கைச் சிந்தக் கூடாது, இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். விடியற்காலை மூச்சுப் பயிற்சி செய்வது அவர் வழக்கம் என்பது கிளம்பும்போதுதான் தெரிந்தது. நாலு வாரம் நிறுத்தச் சொன்னதுதான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இரண்டாம் நாள் விடியலில் மகள் போன் செய்தார், வலது மூக்கில் ரத்தம் எட்டிப்பார்க்கிறது என்று. சில சொட்டு வருவது எதிர்பார்த்ததே. மதியத்துக்குள் நின்றுவிட்டது.

பத்தாம் நாள் தையல் பிரிக்க வேண்டும். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறியது. தொடர்ந்து தென்பெண்ணை பெருகிக் கடலூரின் தாழ்வான பகுதிகள் நீரில் நின்றன. பதினேழாம் நாள்தான் அவரால் வர முடிந்தது. நைலான் ஊறி உப்பாது, நூலின் இழைக்குள் கிருமி ஏறாது. பட்டு அத்தனை நாள் இருந்திருந்தால் சுற்றிலும் ஈறு சிவந்து அழுக்கேறியிருக்கும். வந்து பார்த்தபோது ஈறு இளஞ்சிவப்பாக, இறுக்கமாக இருந்தது. அன்று முதல் எல்லோருக்குமே நைலான்தான் போடுகிறேன்.

எட்டரை மாதம் கழித்து, 2025 ஆகஸ்டில் மறுபடி ஸ்கேன். அறுவை முடிந்த அன்று எலும்பின் மொத்த உயரம் 13.8 மி.மீ. இருந்தது. இப்போது 12.1. முகடு இருந்த இடத்தில் 11.6. மாட்டு எலும்பு போட்டிருந்தால் சுருக்கம் இன்னும் குறைவாக இருந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. ஆனால் 10 மி.மீ. இம்ப்ளாண்டுக்கு இது போதும். சைனஸ் சுத்தமாக இருந்தது, சவ்வு தடிக்கவில்லை.

துளையிடும்போது முதல் நாலு மி.மீ. முருங்கைக் கட்டை போல மெத்தென்று இறங்கியது. அது அவருடைய பழைய எலும்பு. அதற்குமேல் ட்ரில் நறநறவென்று கடித்தது, மணல் கலந்த செங்கல்லைத் துளைப்பது போல. ரத்தமும் கசிந்தது. ரத்தம் கசிந்தால் அங்கே உயிர் வந்துவிட்டது என்று பொருள். கடைசி ட்ரில்லை விட்டுவிட்டு, துளையைக் கொஞ்சம் குறுகலாகவே வைத்து, 4.5 மி.மீ. விட்டமுள்ள இரண்டு இம்ப்ளாண்டுகளை இறக்கினேன். முறுக்குவிசை முன்னதில் 30, பின்னதில் 25 நியூட்டன் சென்டிமீட்டர். இம்ப்ளாண்ட் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று காட்டும் அதிர்வு அளவீடு முறையே 68, 64. அன்றே பல் கட்டும் அளவு இல்லை, கட்டும் எண்ணமும் இல்லை. ஈறுக்குள் மூடிவிட்டு நாலு மாதம் விட்டேன். டிசம்பரில் திறந்தபோது அளவீடு 74, 71. ஜிர்கோனியா என்ற உறுதியான பீங்கானில் செய்த பற்களைத் திருகில் பொருத்தினோம். பின்னால் எப்போதாவது கழற்றிப் பார்க்க வேண்டி வந்தால் உடைக்காமல் கழற்றலாம்.

பல் பொருத்திய அன்று ஜிர்கோனியா எதிலிருந்து வருவது என்று டீச்சர் கேட்டார். கடற்கரை மணலில் கிடைக்கும் கனிமத்திலிருந்து என்று சொன்னேன். தலையாட்டினார். மகள் கைப்பையிலிருந்து பண்ருட்டி முந்திரி ஒன்றை எடுத்து நீட்ட, வாங்கி வலப்பக்கம் வைத்துக் கடித்தார். மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அவருடைய கோப்பில் துகள் புட்டியின் ஸ்டிக்கர், நூல், மாத்திரை, இம்ப்ளாண்ட் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எதிலிருந்து வந்தது என்று தமிழில் எழுதியிருக்கிறேன். அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த பரிசோதனை 2026 ஜூனில்.